பூநாரை பார்க்க எந்தக் கரையில் நிற்பது?

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களில் கனபேர் கோட்டை, நல்லூர், கீரிமலை, நயினாதீவு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கடைசி நாள் பின்னேரம்தான் “பூநாரை வருமாமே, எந்த இடம்?” என்று கேட்பார்கள். பூநாரை என்கிற ஃபிளமிங்கோவுக்கு நிரந்தர விலாசம் கிடையாது. நேற்றுத் தனங்கிளப்பில் நின்ற கூட்டம் இன்று கேரதீவுக்கு அந்தப் பக்கம் நிற்கும், நாளைக்கு ஆனையிறவுப் பக்கம் போயிருக்கும். கூட்டத்தை இடம் மாற்றுவது தண்ணீரின் ஆழம். ஊர்ப்பெயரை விட்டுவிட்டு ஆழத்தைப் பார்க்கப் பழகினால் ஒரு காலைப்பொழுதிலேயே பிடித்துவிடலாம்.

எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். மார்கழியிலும் விட்டுவிட்டுப் பெய்யும். அந்த நாள்களில் பரவைக்கடல், அதாவது ஆழங்குறைந்த கடனீரேரி நிரம்பி, தரவை என்கிற புல்வெளியெல்லாம் தண்ணீர் ஏறி நிற்கும். வலசைப் பறவைகள் ஐப்பசிக்கு முன்னரே வரத் தொடங்கினாலும், வெள்ளம் பரந்து கிடப்பதால் அவையும் பரந்து கிடக்கும். “டிசம்பர் விடுமுறையில் போனோம், ஒன்றையும் காணவில்லை” என்ற முறைப்பாடு இதனால்தான் வருகிறது. மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற, இரையும் சுருங்கிய இடத்தில் திரளும், பறவையும் அங்கே திரளும். தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி நடுப்பகுதிவரை நல்ல காலம். மாசி மாதம்தான் உச்சம். சித்திரையில் ஓரக்கழிகள் காய்ந்து உப்புப் பூத்துவிடும். வைகாசியிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. அப்போது பறவையும் குறைவு, தீவுக்குப் போகும் கடலும் நன்றாக இராது.

நேரம் காலை 6 மணியிலிருந்து எட்டரைவரை, பின்னேரம் நாலரையிலிருந்து இருட்டும்வரை. காலை 9 மணிக்குப் பிறகு நிலமும் நீரும் சூடேறி, தூரத்தில் நிற்பதெல்லாம் கானலில் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த பைனாகுலராக இருந்தாலும் கானலை வெல்லாது. விடுதியில் காலைச் சாப்பாடு முடித்து எட்டரைக்குப் புறப்படுகிறவர்கள் காண்பது நடுங்கும் வெள்ளைக் கோடு ஒன்றைத்தான். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு வெள்ளெனவே இருட்டோடு புறப்படுங்கள்.

பறவையின் காலே அளவுகோல்

கரையில் நின்று தண்ணீரின் ஆழத்தை எப்படி அறிவது? நிற்கிற பறவையைப் பாருங்கள்.

பவளக்கால் உள்ளான் என்று ஒரு பறவை. கறுப்புச் சிறகு, வெள்ளை உடம்பு, சிவந்த நூல்போன்ற நீளக் கால். யாழ்ப்பாணத்து வெளிகளில் இது இல்லாத இடம் குறைவு. அதன் சிவப்புக் கால் பாதிக்குமேல் தெரிந்தால் அங்கே தண்ணீர் ஒரு சாணுக்கும் குறைவு. வயிறு தண்ணீரில் முட்டுகிறது என்றால் ஒரு சாண் இருக்கும். உள்ளானே இல்லாமல் கொக்கும் சங்குவளை நாரையும் மட்டும் நின்றால் முழங்காலளவு. நிற்கிற பறவை ஒன்றுமே இல்லை, நீர்க்காகமும் கூழைக்கடாவும் மிதந்து திரிகின்றன என்றால் அது ஆழம். அந்த இடத்தில் பூநாரைக்காகக் காத்திருப்பது வீண், அடுத்த வெளிக்குப் போங்கள். உள்ளானும் கொக்கும் கலந்து நிற்கிற இடத்துக்குச் சற்று உள்ளே, அதாவது ஒரு சாணிலிருந்து முழங்கால்வரை ஆழமுள்ள பட்டையில்தான் பூநாரை நிற்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு தடயமும் உண்டு. வற்றிய சேற்றில் வட்ட வட்டமாக, நடுவில் மேடும் சுற்றிப் பள்ளமுமாக, உழுந்து வடையை அச்சுப் பதித்ததுபோல் அடையாளம் கிடக்கும். பூநாரை ஓரிடத்தில் நின்றபடி காலால் சேற்றை மிதித்துச் சுற்றிவந்து, கிளம்பிவருகிற சிறு உயிர்களை வடித்துத் தின்ற தடம் அது. வட்டம் கூராக, ஈரமாக இருந்தால் கூட்டம் அண்மையில்தான் எழும்பியிருக்கிறது. அதே கரையோரமாகத் தண்ணீர் இன்னும் நிற்கிற பக்கத்தைத் தேடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். இங்கே கடல் வற்றுவதும் பெருகுவதும் சிறிதுதான். ஆனால் இவ்வளவு பரந்த, ஆழங்குறைந்த நீரைக் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று நாள் வாடை அடித்தால் காற்று வருகிற பக்கக் கரை வற்றும், எதிர்க்கரை ஏறும். முந்தின நாள் நல்ல இடம் என்று கேள்விப்பட்டதை நம்பிப் போய் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

காலைப் பயணம்: நாவற்குழி, தனங்கிளப்பு, கேரதீவு, சங்குப்பிட்டி

ஒரேயொரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் இந்தப் பாதையை எடுங்கள். நகரிலிருந்து கண்டி வீதியால் வந்து நாவற்குழியில் வலப்பக்கம் திரும்பினால் பூநகரி ஊடாக மன்னார் போகும் ஏ-32 வீதி. தனங்கிளப்பு வெளி முதலில் வரும். பிறகு கேரதீவு. அதையடுத்துப் பரவைக்கடலை ஊடறுத்து ஒரு நீண்ட தாம்போதியும், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலமும்.

மன்னார் பஸ் இந்த வழியால்தான் போகிறது. ஆனால் விரும்பிய இடத்தில் நிறுத்தி நிற்க முடியாது. அரைநாள் வாடகைக்கு ஓட்டோ பிடிப்பது நல்லது. மோட்டார் சைக்கிள் இன்னும் வசதி என்றாலும், மறைவு கிடையாது. ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தால் பறவை பெரிதாகக் கணக்கெடுக்காது, கதவைத் திறந்து ஆள் இறங்கினதும் தலை நிமிரும். புறப்பட முன்னரே சாரதியிடம் மூன்று விசயம் பேசிக்கொள்ளுங்கள்: மெதுவாகப் போகவேண்டும், சொன்னவுடன் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தவேண்டும், ஹோர்ன் அடிக்கக்கூடாது. மூன்றாவதுதான் அவருக்குக் கஷ்டம்.

தாம்போதி ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. காலையில் மேற்குப் பக்கத்து நீரைப் பாருங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் தெரியும். கிழக்கே பார்த்தால் எல்லாம் கரிய நிழல்தான், பூநாரையும் கொக்கும் ஒன்றாகவே தெரியும். பின்னேரம் போனால் மறுபக்கம். தாம்போதியில் வாகனங்கள் வேகமாக வரும், எல்லா இடத்திலும் ஓரமாக நிறுத்த இடம் போதாது. அகலம் உள்ள இடம் பார்த்து, வீதியை விட்டு இறக்கி நிறுத்துங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி பின்னால் நகர்கிற பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து.

சேற்றில் இறங்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்த பொருக்கு, கீழே கூழ். முதல் பத்து அடி தாங்கும், பிறகு திடீரென்று முழங்கால்வரை போகும், சிலிப்பர் அங்கேயே நின்றுவிடும். அத்தோடு, ஆள் இறங்கி நடந்தால் கூட்டம் எழும்பிவிடும். முதலில் எல்லாக் கழுத்தும் ஒரேயடியாக நிமிர்ந்து ஒரு பக்கம் திரும்பும், பிறகு கூட்டம் நடந்து விலகத் தொடங்கும். கழுத்து நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள், குனிந்து இரை தேடத் தொடங்கும்வரை அசையவேண்டாம். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, சில அடி நீரில் ஓடித்தான் பறக்கும். ஒவ்வொரு தடவை கலைக்கிறபோதும் அதற்கு அவ்வளவு பெலன் வீண்.

ட்ரோன் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு சொல். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் கூட்டத்துக்கு மேலே பறக்கவிட்டால் அன்றைக்கு அந்த வெளி காலி. கரையோரத்தில் படை முகாம்கள் இருக்கிற இடங்களில் கமராவைத் திருப்பாமல் இருப்பதும் புத்தி.

இது பூநாரைதானா?

தூரத்தில் வெள்ளையாக வரிசை தெரிந்தால் உடனே சந்தோசப்படவேண்டாம். பூநாரை நின்றால் தலை பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும், உடம்பு மட்டும் முட்டைபோல் காலின்மேல் தெரியும். அலகைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, அலகின் ஓரச் சல்லடையில் இரையை வடித்தெடுப்பதால்தான் அந்த நிலை. மடித்த சிறகில் இளஞ்சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. விரித்ததும் சிறகின் உள்ளே சிவப்பும் ஓரத்தில் கறுப்பும் பளிச்சிடும். மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்பவை இளசுகள். நிறம் இரையிலிருந்து வருவது, இளசுக்கு ஏற நாளாகும். யாழ்ப்பாணத்தில் இவை குஞ்சு பொரிப்பதில்லை, இரை தேடி வருபவைதான்.

அடிக்கடி மயக்குவது சங்குவளை நாரை. இதற்கும் இளஞ்சிவப்பு உண்டு, ஆனால் வால் பக்கத்தில். மஞ்சள் அலகு நேராக, நுனியில் சற்று வளைந்திருக்கும். பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு அப்படியும் இப்படியும் வீசிக்கொண்டே நடக்கும், ஒரு மீன் பட்டவுடன் அலகு பொறிபோல் மூடும். மரத்தில் ஏறி நிற்கும். பூநாரை ஒருநாளும் மரத்தில் ஏறாது, இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். அலகு நுனி கரண்டிபோல் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன்.

கறுப்புப் புள்ளிகளாய் நீரில் மிதக்கிற பெரும் திரள் வாத்து. ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து இரண்டும் வடக்கே குளிர்நாடுகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வருபவை. காற்று உங்கள் பக்கம் வீசினால் நாமத்தலை வாத்தின் விசில் சத்தம் முதலில் காதில் விழும், பிறகுதான் கண்ணில் படும்.

கூட்டத்தில் எத்தனை என்று எண்ணவேண்டுமா? ஒரு ஓரத்தில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து அடைக்கிற இடத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அதுபோல் எத்தனை என்று கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, இரண்டு தொகையும் அண்ணளவாக ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளலாம்.

கையில் என்ன

பைனாகுலர் 8க்கு 42 போதும். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் மில்லிமீற்றர் விட்டம். 10 மடங்குப் பைனாகுலர் இன்னும் பெரிதாகக் காட்டும் என்று வாங்கினால் தாம்போதிக் காற்றில் கை ஆடி ஒன்றும் தெரியாது. தொலைநோக்கி இருந்தால் முக்காலியைத் தாழ்த்தி, வாகனத்தின் மறைவில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் வேண்டும் என்றால் பைனாகுலரில் கண் வைக்கிற பக்கத்து வளையத்தை உள்ளே திருகி, தொலைபேசிக் கமராவை அதில் ஒட்டிப் பிடிக்கவேண்டும். பத்துக்கு ஒரு படம் சரிவரும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, மங்கிய நிறச் சேர்ட். வெள்ளைச் சேர்ட் உப்புவெளியில் தூரத்துக்கே அடித்துக் காட்டும்.

நகரை விட்டுப் போக நேரமில்லை என்றால்

பஸ் நிலையத்திலிருந்து கோட்டையைக் கடந்தால் பண்ணை என்கிற இடம். அங்கிருந்து மண்டைதீவுச் சந்திப் பக்கம் போகும் வீதியின் இருமருங்கும் பரவைக்கடல். மீனவர் களங்கண்டி என்கிற மீன்வலைக்கு நட்ட தடிகளை வரிசையாகப் பாருங்கள், தடிக்கொரு நீர்க்காகமும் ஆலாவும் இருக்கும். சிறகை விரித்துக்கொண்டு நிற்கிற நீர்க்காகம் யாரையும் வரவேற்கவில்லை. அதன் இறகு நீரை ஊறிக்கொள்வதால் காயவைக்கிறது. தடியில் ஈரமாகக் கறுத்த பகுதி எவ்வளவு உயரம் தெரிகிறதோ, தண்ணீர் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் தனங்கிளப்புக்குப் போக அது நல்ல முன்னறிவிப்பு.

மேலே வட்டமிடுகிற பருந்தின் வாலைக் கவனியுங்கள். வால் நுனி பிளவுபட்டு, உடம்பு முழுக்க மண்ணிறமாக இருந்தால் கரும்பருந்து. தலை வெள்ளை, உடம்பு செம்மை, வால் வட்டமாக இருந்தால் செம்பருந்து. கரும்பருந்து வடக்கில் சாதாரணம், தெற்கில் அரிது. கொழும்பிலிருந்து வருகிற பறவை ஆர்வலர்கள் இங்கே பூநாரையைவிட இதைத்தான் முதலில் தேடுவார்கள். கழுத்தின் பின்னால் கறுப்புக் கோடு போட்ட கள்ளிப்புறா, கௌதாரி, மின்கம்பியில் இருக்கிற இரட்டைவால் கரிச்சான் ஆகியவையும் அதே பட்டியல். எங்களுக்கு இவை கண்ணில் பட்டும் படாத குருவிகள்.

கல்லுண்டாய் வெளி, பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் தாம்போதி இரண்டும் மாசியில் நல்ல இடங்கள். பொன்னாலை முடித்து கசூரினா கடற்கரையில் குளிக்கலாம், அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாவகச்சேரிக்கு வடக்கே சரசாலையில் குருவிக்காடு என்று சனம் சொல்கிற கண்டல் மரத் தொகுதிக்குப் பின்னேரம் 5 மணிக்குப் போங்கள், பறவைகள் அடைவதற்கு வருகிற நேரம். கண்டலுக்குள் புகாமல் வீதியில் நின்றே பாருங்கள்.

சுண்டிக்குளம்: யாருக்கு, எப்படி

குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்து, 2015இல் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்திய இடம். பரப்பு பெரிது, பறவை தூரத்தில் நிற்கும், மணற்பாதையில் சாதாரண வேனும் ஓட்டோவும் புதையும். உயரமான ஜீப் இல்லாமல் போகவேண்டாம். மழைக்காலத்தில் ஜீப்பும் புதையும். தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்து அலுவலரிடம் அனுமதி பெற்று, அவர் சொல்கிற பாதையால் போகவேண்டும். நீர்நிலைகளில் முதலை உண்டு, கை கால் கழுவ இறங்கக்கூடாது. முதல் தடவை வருகிறவருக்கு, குழந்தை குட்டியோடு வருகிறவருக்கு இது தேவையில்லை. சங்குப்பிட்டியில் கிடைப்பதைவிடக் கிட்டத்தில் ஒன்றும் கிடைத்துவிடாது.

முகமாலை, நாகர்கோவில், ஆனையிறவுப் பக்கங்களில் பாதையை விட்டு பற்றைக்குள் இறங்கவே கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை நீண்டகாலமாக நடந்த மண் அது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, நாடா கண்டால் நின்ற இடத்திலிருந்து வந்த தடத்தாலேயே திரும்புங்கள். பலகை இல்லை என்பதும் உத்தரவாதம் அல்ல. உள்ளூர்ச் சனம் ஆடு மாடு மேய்க்கிற, மனிதக் கால்தடம் தெளிவாக இருக்கிற பாதையில் மட்டும் நடவுங்கள்.

நெடுந்தீவுக் குதிரை: ஒரு முழு நாள்

பூநாரைக்கு நல்ல மாசிதான் நெடுந்தீவுக்கும் நல்லது. கடல் அடங்கியிருக்கும், மழைக்குப் பிறகு முளைத்த புல் இன்னும் பச்சையாக இருக்கும், குதிரையும் கொழுத்திருக்கும். ஆடி, ஆவணி வறட்சியில் போனால் நீர்த்தொட்டியைச் சுற்றி எலும்பும் தோலுமாக நிற்பதைத்தான் காணலாம். குட்டையான மட்டக்குதிரைகள் இவை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு காட்டில் விட்டவற்றின் வழி.

யாழ் பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ். வேலணை, புங்குடுதீவு ஊடாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். துறையில் இரண்டு வரிசை இருக்கும். நயினாதீவுப் படகு அடிக்கடி போகும், கால் மணி நேரப் பயணம். நெடுந்தீவுப் படகு நாளுக்குச் சில தடவைதான், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சனத்தோடு சனமாகப் பிழையான படகில் ஏறுவது இங்கே நடக்கிற காரியம். கேட்டுவிட்டு ஏறுங்கள். படகு நேரங்கள் மாறும், முந்தின நாளே விசாரித்து வையுங்கள். உயிர்காப்பு அங்கியைத் தலைக்கு வைத்துப் படுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வருகிறவர்கள் நடுப்பகுதியில், காற்றுப் படும் இடத்தில் இருக்கவேண்டும். வெறும் வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்டதும் கூடாது.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், நிழல் இல்லை. இறங்குதுறையில் ஓட்டோவும் சிறு பிக்கப்பும் நிற்கும். ஏற முன்னரே எந்தெந்த இடம், எத்தனை மணித்தியாலம், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். முதலில் குதிரை, பிறகு மற்றதெல்லாம். வெயில் ஏற ஏறக் குதிரைகள் பற்றை நிழலுக்குள் போய்விடும். குடிமனை முடிந்து வெட்டை தொடங்குகிற பக்கத்தில், நீர் குடிக்க வருகிற குட்டைகள் எவையென்று சாரதிக்குத் தெரியும். இறங்கி ஒரு முப்பது மீற்றரில் நில்லுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள், பின்னங்கால் பக்கம் போகாதீர்கள். பாணும் பிஸ்கற்றும் போடவேண்டாம். புல் தின்கிற வயிற்றுக்கு அது ஆகாது, ஒருதடவை பழகினால் அடுத்த ஆளின் பையைக் கடிக்க வரும்.

பிறகு பெருக்கு மரம், பாவோபாப் என்பது இதுதான். அடி உள்ளே கோறையாகி, ஆள்கள் புகுந்து நிற்கலாம். ஆபிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். பேர் செதுக்கவேண்டாம், செதுக்கினவர்கள் ஏற்கெனவே போதும். கோட்டைச் சிதைவு, புறாக்கூடு இரண்டையும் ஒரு மணித்தியாலத்தில் பார்க்கலாம். ஆனால் வழி முழுக்க இருபக்கமும் வருகிற முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மதில்களை விட்டுவிடாதீர்கள். சாந்து சீமெந்து ஒன்றுமில்லாமல், கல்லின்மேல் கல் அடுக்கிய வேலி. ஒரு கல்லைத் தடவிப் பார்த்தால் முருகைப் புழுவின் கண் கண்ணான துளை கையில் தெரியும். அதில் ஏறி நின்று படம் எடுத்தால் சரிந்துவிடும்.

இறங்கினவுடனேயே திரும்பும் படகு எத்தனை மணிக்கென்று துறையில் கேட்டு, சாரதிக்கும் சொல்லிவையுங்கள். அரை மணித்தியாலம் முன்னதாகத் துறைக்கு வந்தால்தான் இருக்க இடம் கிடைக்கும். கடைசிப் படகைத் தவறவிட்டால் மறுநாள் காலைதான்.